வலிக்காத கால்

என் இடது காலில் ஒரு குண்டூசி எத்தனை நாள் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தையல்காரியின் காலில் ஊசி ஏறுவது பெரிய செய்தி இல்லை. முப்பது வருடமாகத் தைக்கிறேன். கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பாதிப் பேரின் வெள்ளைச் சட்டை என் மெஷினில் ஓடியதுதான். ஊசி குத்தும், கத்துவேன், பிடுங்கி எறிவேன், மறுபடி வேலையைப் பார்ப்பேன். இந்த முறை நான் கத்தவில்லை.

கண்டுபிடித்தது என் கணவர் தங்கராஜ். தரையில் அங்கங்கே மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. சமையலறையிலிருந்து மஞ்சள்தூள் சிந்திவிட்டது என்று நான் இரண்டு நாள் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கதிரையில் உட்காரவைத்து, காலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஏய் ரூபி, கால்ல என்னாடி மினுங்குது?”

நகத்தால் பிடித்து இழுத்தார். பெருவிரலுக்கு அடியிலிருந்து குண்டூசியின் தலையும் பாதி உடம்பும் வந்தன. மீதி உள்ளேயே நின்றுவிட்டது.

“வலிக்கவே இல்லீங்க,” என்றேன். “பாத்தீங்களா, கர்த்தர் என்னைய எப்படி வச்சிருக்காருன்னு!”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தடியில் திரீவீலர் ஓட்டுகிறவர், நாள் முழுக்க யாருடனாவது பேசிக்கொண்டே இருப்பவர். அவர் வாயை மூடினால் ஏதோ இருக்கிறது என்று இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் கேட்கவில்லை.

அந்த வாயடைப்புக்குக் காரணம் போன வருடம் நான் சொன்ன ஒரு சாட்சி. சபைக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையில் மாதத்தின் கடைசி ஞாயிறு சாட்சி நேரம். கர்த்தர் யாருக்கு என்ன நன்மை செய்தாரோ, அதை எழுந்து வந்து மைக்கில் சொல்ல வேண்டும். மகனுக்கு விசா வந்தது, மகள் பரீட்சையில் தேறியது, வாடகை வீட்டுக்காரர் மனம் மாறியது என்று சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் சபை “ஸ்தோத்திரம்” என்று பதில் கொடுக்கும். சின்னச் சாட்சிக்குச் சின்ன ஸ்தோத்திரம். பெரிய சாட்சிக்குத் தகரக் கூரை அதிரும்.

நான் பெண்கள் ஐக்கியத்தின் தலைவி. நாலைந்து மாதமாக எனக்குச் சொல்ல ஒன்றும் அமையவில்லை. ‘அக்காவுக்கு இந்த மாசமும் ஒண்ணும் இல்லியா?’ என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது போல் எனக்குக் காதில் விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் என் சீனி வருத்தத்துக்காக, அதாவது நீரிழிவுக்காக, இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் எடுத்தேன். பகலெல்லாம் பட்டினி, சாயந்தரம் ஒரு வேளை சாப்பாடு. இருபத்தோராவது நாள் விரலில் குத்திப் பார்த்தபோது சீனி சாதாரண ஆட்களுக்கு இருக்கும் அளவில் நின்றது. பத்து வருடத்தில் நான் பார்க்காத எண். கடைசி ஞாயிறு மைக்கைப் பிடித்தேன். எனக்குச் சீனி இல்லை, மருந்தே இல்லாமல் கர்த்தர் சுகமாக்கினார் என்றேன். தகரம் அதிர்ந்தது. அந்தச் சத்தம் எவ்வளவு இனிப்பு என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அதோடு நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை சீனி கிளினிக். அந்த நீள வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் பாதி எங்கள் சபைதான். சுகமானவள் போய் அங்கே எப்படி உட்காருவது? யாராவது “என்னக்கா, நீங்களுமா?” என்று கேட்டால் என்ன சொல்வது? மருந்தும் சீனி அளவும் எழுதும் கிளினிக் கொப்பியை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் தள்ளினேன். கையில் இருந்த மாத்திரைகள் முடிந்ததும் புதிதாக வாங்கப் போகவில்லை. கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று பாஸ்டர் ஒருமுறை கேட்டார். “அவங்களே நிப்பாட்டச் சொல்லிட்டாங்க பாஸ்டர்” என்றேன். ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்த இன்னொரு பொய் வேண்டியிருந்தது. அவ்வளவு சுலபமாக வந்தது அது.

ஆறு மாதம் கழித்துத்தான் குண்டூசி. ஊசியின் தலையைப் பிடுங்கிய பத்தாம் நாள் பெருவிரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. குளிரும் காய்ச்சலும் வந்தன. தெரிந்த டிஸ்பென்சரி டொக்டர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், துண்டு எழுதிக் கொடுத்து இப்போதே கண்டிக்குப் போங்கள் என்றார். தங்கராஜ் அன்று ஓட்டிய வேகத்தில் எனக்குக் கால் பயம் போய் உயிர்ப் பயம் வந்துவிட்டது.

கண்டி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில் காத்திருந்த நேரம் நீளமானது. வாங்கில் இடமில்லை, ஒரு சிங்கள அம்மா என் காலைப் பார்த்துவிட்டுத் தன் மகனை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார். சுற்றியிருந்தவர்கள் கையில் எல்லாம் கிளினிக் கொப்பி. மடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நாடா கட்டி வைத்திருந்தார்கள். என் கையில் ஒன்றுமில்லை. பெயர் எழுதியவர் கொப்பி எங்கே என்று கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன். வாய் அந்தளவுக்குப் பழகிப்போயிருந்தது.

வார்டில் என்னைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். என் மகள் வயதுதான் இருக்கும்.

“அம்மா, சீனி வருத்தம் இருக்கோ?”

“இருந்திச்சு டொக்டர். இப்ப இல்ல.”

“இல்லையெண்டு ஆர் சொன்னது?”

நான் கூரையைப் பார்த்தேன். அதற்குள் தாதி விரலில் குத்தி மெஷினில் வைத்தாயிற்று. எண்ணைப் பார்த்த டொக்டர் அதை என்னிடம் காட்டினார். பிறகு இன்னொரு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முந்தின மூன்று மாதம் இரத்தத்தில் சீனி எப்படி இருந்தது என்று மொத்தமாகக் காட்டும் பரிசோதனை அது. முதல் நாள் பட்டினி கிடந்தாலும், இனிப்பைத் தொடாமல் இருந்தாலும் அதை ஏமாற்ற முடியாது என்றார். அப்படியும் ஒரு பரிசோதனை இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து ஒரு சின்னப் பிடியின் நுனியில் தடித்த நைலோன் நூல் பொருத்திய ஒன்றை எடுத்தார்.

“கண்ணை மூடுங்கோ அம்மா. நான் காலிலை தொடேக்க ஓம் எண்டு சொல்லுங்கோ.”

மூடிக்கொண்டு காத்திருந்தேன். நேரம் போனது. ஒருமுறை ஓம் என்றேன். கொஞ்சம் கழித்து இன்னொருமுறை. பிறகு பொறுமை போய், “இன்னும் தொடங்கலியா டொக்டர்?” என்று கேட்டேன்.

“பத்துத் தரம் தொட்டிட்டன் அம்மா. நீங்கள் ரெண்டு தரம்தான் ஓம் எண்டு சொன்னனீங்கள்.”

அந்த இரண்டில் ஒன்று நான் குத்துமதிப்பாகச் சொன்னது.

டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார். சீனி கூடியே இருந்தால் நரம்புகளின் நுனி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகுமாம். கால்தான் முதலில். கல் குத்தினாலும், கொதிநீர் பட்டாலும் தெரியாது. “வலி இருந்திருந்தா நீங்கள் அண்டைக்கே ஓடி வந்திருப்பியள்,” என்றார். “உங்களைக் காப்பாத்த வேண்டிய வலி வரேல்லை. அதுதான் பிரச்சினை.”

நான் கதிரையில் உட்கார்ந்து, வலிக்கவே இல்லை என்று கர்த்தரைத் துதித்தது நினைவுக்கு வந்தது. என் நரம்பு செத்துப்போனதற்கு நான் ஸ்தோத்திரம் பண்ணியிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன்.

எக்ஸ்ரேயில் ஊசியின் மீதி பளிச்சென்று தெரிந்தது. எலும்பின் நிறம் மங்கல், ஊசியின் நிறம் வெள்ளை. அது பக்கத்து எலும்புக்குள் கிருமியை இறக்கிவிட்டதாம். காலில் இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு கருவியை வைத்துக் கேட்டார்கள். ஊஷ் ஊஷ் என்று சத்தம் வந்தது. நல்ல சத்தம், காலைக் காப்பாற்றலாம், விரலைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். பெருவிரலை எடுக்க வேண்டும், நாலு நாள் மருந்து ஏற்றிய பிறகு.

விரல் போகப்போகிறது என்றதும் நான் முதலில் நினைத்தது மெஷினை. பெடலை மிதிப்பது வலது கால் என்று நினைவு வந்ததும் மூச்சு விட்டேன். தங்கராஜ் அன்று சாயந்தரம் ஃபிளாஸ்கில் கோழி சூப் கொண்டுவந்தார். உப்பு அதிகம். அவரே போட்ட சூப் என்று அப்போதே தெரிந்தது. “என்னங்க, மகாவலி ஆத்துத் தண்ணிக்கும் இதுக்கும் ஒண்ணும் பொருத்தமில்ல, இது கடல் தண்ணியால்ல இருக்கு” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்க்காத மாதிரி முழுக் கோப்பையையும் குடித்தேன்.

மறுநாள் மத்தியானம் நோயாளர் பார்க்கும் நேரத்துக்கு சரோஜா வந்தாள். சரோஜா மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்பவள். என் வழியாகத்தான் சபைக்கு வந்தாள், என் கையைப் பிடித்துத்தான் முதன்முதலில் ஜெபம் பண்ணினாள். ஒரு பையில் தோடம்பழம் வாங்கிவந்திருந்தாள். அவளுடைய ஒரு நாள் பஸ் காசும் சாப்பாடும் அந்தப் பையில் போயிருக்கும். கட்டிலருகே உட்கார்ந்ததும் போத்தலைத் திறந்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ரவிக்கை தோளில் தொங்கியது; அது நான் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை.

“நல்லா மெலிஞ்சிட்டியே சரோஜா.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. கண்ணுதான் கொஞ்சம் மங்கலா இருக்கு, பஸ்ஸு போர்டு தெரியல, கேட்டுத்தான் ஏறுனேன்.” மறுபடி தண்ணீர் குடித்தாள். பிறகு என் காதருகே வந்து, சந்தோஷமான ரகசியம் சொல்வது போலச் சொன்னாள். “நானும் சீனி மாத்திரய நிப்பாட்டிட்டேன்க்கா. ஒங்க சாட்சியக் கேட்ட அன்னைக்கே. அக்காவுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரான்னு. ஆறு மாசமாச்சு.”

நான் போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டேன்.

“இந்தக் கால் பிசாசோட சோதனை. நீங்க கலங்காதீங்க,” என்று என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாள். நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் போத்தலையும் பையையும் எடுத்துக்கொண்டு, வாசலில் திரும்பிச் சிரித்துவிட்டுப் போனாள். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.

அவளிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்துத் தடவை தொட்டும் தெரியாத காலைப் பற்றி நான் கலங்கினேன்; சீனி ஏறியதன் அடையாளம் என்று தெரிந்தும், அவள் அத்தனை தடவை தண்ணீர் குடித்ததைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம், சொன்னால் என் பெயர் என்ன ஆகும் என்பது.

பக்கத்துக் கட்டிலில் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் அம்மா ஒருவர். எல்லோரும் தாத்தா என்று கூப்பிட்டார்கள்; அவர்கள் வழக்கில் தாத்தா என்றால் அக்கா. அவருக்கும் சீனி, அவருக்கும் கால். எங்கள் பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறார். நான் தோடம்பழத்தை உரித்து ஒரு பாதியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“புள்ள, கோவிச்சுக்கொள்ள வாணாம். அந்தப் பொம்புள ஒங்கள நம்பி மருந்த உட்டீக்கிறா. நீங்க பழத்த வாங்கி வெச்சிட்டுச் சும்மா ஈக்கிறீங்க.”

“அவ தானா எடுத்த முடிவு தாத்தா.”

“கண்ணு முன்னாடி ஒரு ஆள் பள்ளத்துக்குப் போறா. பள்ளம் இருக்கிண்டு தெரிஞ்சது ஒங்களுக்கு மட்டும்தான்.”

கோபம் வந்தது எனக்கு. என் விசுவாசத்தைப் பற்றிப் பேச இவர் யார் என்று திரும்பிப் படுத்தேன். கோபம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாமல் போனதுதான் காரணம்.

விரலை எடுத்த நாளைப் பற்றி அதிகம் இல்லை. முதுகில் ஒரு ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் அறுக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் துணி வெட்டும் சத்தம் தெரியும், இது வேறு. சங்கீதம் ஒன்றை மனதுக்குள் சொல்லத் தொடங்கி, இரண்டாம் வரிக்குமேல் நினைவு வராமல், “கர்த்தாவே, கர்த்தாவே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் டொக்டர் தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கைக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

மறுநாள் சரோஜாவுக்குப் போன் பண்ணினேன். சொல்லிவிட்டேன். நான் மாத்திரையை நிறுத்தியதால்தான் சீனி ஏறியது, அதனால்தான் விரல் போனது, நீ உடனே கிளினிக்குக்குப் போ என்றேன். அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ஒங்களுக்கு விசுவாசம் தளந்துருச்சுக்கா,” என்றாள் மிக மெதுவாக. “வலி பேச வைக்குது. பரவாயில்ல, நா ஒங்களுக்காக ஜெபிக்கிறேன். ஒங்களுக்குச் செஞ்ச அற்புதத்த நீங்களே மறக்கலாமா?”

போனை வைத்தபோது எனக்கு நிம்மதி வந்தது என்றால் நம்புவீர்களா? நான் சொல்லிவிட்டேன், அவள் கேட்கவில்லை, இனி அவள் பாடு கர்த்தர் பாடு. விரலும் போயிற்று, சொல்லியும் ஆயிற்று. சின்ன வயதில் ஞாயிறு பாடசாலையில் சிட்சை என்ற சொல்லைப் படித்திருக்கிறேன். தகப்பன் தான் நேசிக்கிற பிள்ளையைத் திருத்துவது போலக் கர்த்தரும் நம்மைத் திருத்துவார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிரம்படி மாதிரி ஒன்று என்றுதான் அன்றிலிருந்து நினைத்திருந்தேன். அடி விழும், வலிக்கும், முடிந்துவிடும். என் அடி விழுந்து முடிந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயந்தரம் தங்கராஜ் வந்ததும் அவரிடம் அங்கலாய்த்தேன். “சொல்லிட்டேங்க. அவ கேக்க மாட்டேங்கிறா. நா என்னா பண்ண?”

அவர் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். “முழுசா சொன்னியா?”

“சொன்னேனே.”

“இருபத்தொரு நாளும் சாயந்தரம் ஒனக்கு மாத்திரயும் தண்ணியும் எடுத்துக் கொடுத்தது யாரு ரூபி?”

இதை உங்களிடமும் நான் மறைத்துத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். உபவாசத்தின்போது நான் ஒரு நாள்கூட மாத்திரையை விடவில்லை. சாப்பாடு பாதி, மாத்திரை முழுசு. சீனி குறையாமல் என்ன செய்யும்? சாட்சி சொன்ன அந்த ஞாயிறு காலையிலும் மாத்திரை போட்டுவிட்டுத்தான் சேலை கட்டினேன். மைக்கைப் பிடித்து, ஒவ்வொரு வரிக்கும் ஸ்தோத்திரம் ஏறிக்கொண்டே போனபோது, ‘மருந்தே இல்லாமல்’ என்ற இரண்டு சொல் வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் வந்ததைத் திரும்ப எடுக்கவும் இல்லை. மருந்தை நான் உண்மையில் நிறுத்தியது அந்தப் பொய்யை உண்மையாக்கத்தான்.

“சரோஜா பிடிச்சுக்கிட்டு இருக்கிறது அந்த ரெண்டு வார்த்தையத்தான்,” என்றார் தங்கராஜ். “அது நிக்கிற வரைக்கும் நீ என்னா சொன்னாலும் அவளுக்கு ஏறாது.” வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிற மனுஷன். எனக்குப் பிரசங்கம் பண்ண அவருக்கு இத்தனை நாள் தேவைப்பட்டிருக்கிறது. “ஏன் முன்னாலயே சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா அவிசுவாசின்னு வாய அடைச்சிருப்ப,” என்றார். உண்மைதான்.

இரண்டு நாள் கழித்துப் பாஸ்டர் வந்தார். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். கடைசியில், “இது கர்த்தர் கொடுத்த தண்டனைதானே பாஸ்டர்? பொய் சொன்னதுக்கு வெரல எடுத்துட்டாரு” என்றேன்.

அவர் கையிலிருந்த வேதாகமத்தைக் கட்டிலில் வைத்தார். என் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெரல எடுத்தது சீனிம்மா. அதக் கர்த்தர் தலையில போடாதீங்க. பொய் சொல்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு வெரல் போகணும்னா நம்ம சபையில யாரும் செருப்புப் போட முடியாது.” எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் சிரிக்கவில்லை. “பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா சொன்னாங்கன்னு சொன்னீங்களே. ஒங்க வீட்டுக்காரரு சொன்னாருன்னு சொன்னீங்களே. கர்த்தர் ஒங்கள விடாம பின்னாலயே வந்து பேசிக்கிட்டு இருக்காரு, நீங்க வெரலப் பாத்துக்கிட்டு இருக்கீங்க.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “நானும் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நா கொப்பியக் கேட்டுப் பாத்திருக்கலாம். சபை நெறஞ்சிருந்துச்சு, எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. எனக்கும் அது வேண்டியிருந்துச்சு.”

ஒரு போதகர் நோயாளியின் கட்டிலருகே தலைகுனிந்து நிற்பதை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்தபின் வந்த கடைசி ஞாயிறு. தங்கராஜ் என்னைத் தூக்காத குறையாகப் படியேற்றி, வழக்கம்போல வெளியே நிற்காமல் பின்வரிசையில் உட்கார்ந்தார். ஊன்றுகோலோடு மைக்கிடம் போகும்போதே சபை கைதட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டுவந்த சாட்சி என்று எதிர்பார்த்தார்கள். அந்தக் கைதட்டலுக்கு ஏற்ற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு உட்காரலாம் என்று, அந்தக் கடைசி நிமிடத்திலும், என் மனம் ஒரு வரி தயார்பண்ணிக் கொடுத்தது. அவ்வளவு கெட்டிக்கார மனம் எனக்கு.

சேலைத் தலைப்புக்குள்ளிருந்து கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினேன். “போன வருஷம் மருந்தே இல்லாம சுகமானேன்னு இதே எடத்துல சொன்னேன். அது பொய்,” என்றேன். “இருபத்தொரு நாளும் மாத்திர போட்டேன். அன்னைக்குக் காலையிலயும் போட்டுட்டுத்தான் வந்தேன். கர்த்தர் என்னையச் சுகமாக்குனாருன்னு சொன்னது நா. அவர் அப்படிச் சொல்லல. எனக்கு ஒங்க ஸ்தோத்திரம் வேண்டியிருந்துச்சு. சரோஜா, நீ நம்புனது நடக்கவே இல்லாத ஒண்ண. ஒன் விசுவாசத்துல கொற இல்ல. என் வாயிலதான்.”

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் சரோஜா எழுந்து நின்றாள். மங்கிய கண்ணை இடுக்கி, நான் நிற்கும் இடத்தைத் தேடிப் பார்த்தாள்.

“அப்ப ஆறு மாசமா நா கர்த்தரையா நம்புனேன், ஒங்களையாக்கா?”

மைக்கை வாயருகிலிருந்து இறக்கினேன். அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள். பாஸ்டர் எழுந்து வந்து, மைக்கை என் கையிலிருந்து வாங்கி, சபையை முழங்காலில் நிற்கச் சொன்னார். எனக்கு முழங்கால் போட முடியாது. நின்றுகொண்டே அழுதேன், அப்போதுதான் அழுகை வந்தது. வலித்தது. அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது என்று இன்று சொல்வேன். அன்று அப்படித் தோன்றவில்லை, நெஞ்சைப் பிடுங்கியது போலத்தான் இருந்தது.

பெண்கள் ஐக்கியத்தின் தலைமையை விட்டுவிட்டேன். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. சிலர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர், வெவ்வேறு நாளில், என் தையல் கடைக்கு வந்து துணி அளவு கொடுக்கிற சாக்கில், தாங்களும் மாத்திரையை விட்டிருந்ததாகச் சொல்லிப் போனார்கள். என் இரண்டு சொல் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனேன். வாங்கில் எங்கள் சபை முகங்கள். “என்னக்கா, நீங்களுமா?” என்று யாரும் கேட்கவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சரோஜா அங்கே இல்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. வேலை செய்யும் வீட்டுக்குத் தங்கராஜ் போய் விசாரித்தார். ஊருக்குப் போய்விட்டாள் என்றார்கள். அந்த நாட்களில் நான் செய்த ஜெபத்தில் என் காலைப் பற்றி ஒரு வரிகூட இருந்ததாக நினைவில்லை.

மூன்றாவது முறை போனபோது அவள் இருந்தாள். வாங்கின் அந்த ஓரத்தில், பிளாஸ்டிக் உறை போட்ட புதுக் கொப்பியோடு. இன்னும் மெலிந்திருந்தாள். நான் வணக்கம் சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் இந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவளைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனாள், வெகுநேரம் கழித்து வந்தாள். சீனி மிகவும் கூடியிருந்ததாம், இன்சுலின் ஊசி போடத் தொடங்கியிருக்கிறார்கள், கண்ணைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டத் துண்டு கொடுத்திருக்கிறார்கள். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி.

நான் மருந்து வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது என் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்க்காமல், என் காலைப் பார்த்துப் பேசினாள்.

“ஒங்களோட பேச எனக்கு இன்னும் மனசு வரலக்கா. எப்ப வரும்னும் தெரியல.”

“சரிம்மா.”

“ஆனா அடுத்த மாசமும் வரணும். நா வந்து பாப்பேன். நீங்க இல்லேன்னா நேரா கடைக்கே வந்து, ஆளுங்க முன்னால வச்சு ஏன் வரலன்னு கேப்பேன்.”

கோபமான குரல். என்னைக் கைவிடாத குரல். சிட்சை என்ற சொல்லைச் சின்ன வயதில் படித்திருந்தேன்; அதன் குரலை அன்றுதான் கேட்டேன்.

“வர்றேன் சரோஜா,” என்றேன்.